மக்கும்னு சொன்னா போதுமா? எங்கே மக்கும்?

"மக்கும் பிளாஸ்டிக்"னு கேட்டாலே நம்மில் பலருக்கு ஒரு நிம்மதி வந்துடுது. மக்கும்னு சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்ன கவலை? என் கேள்வி ரொம்ப சிம்பிள். எங்கே மக்கும், எத்தனை டிகிரியில மக்கும், எத்தனை நாள்ல மக்கும்? இந்த மூணையும் சொல்லாம "மக்கும்"னு மட்டும் அச்சடிச்சு விக்கவே விடக்கூடாதுங்கறது என் கட்சி.

வயல்ல விரிக்கிற மல்ச்சிங் ஷீட்டையே எடுத்துக்குவோம். தக்காளி, மிளகாய், தர்பூசணிப் பாத்திகள் மேல போர்வை மாதிரி விரிச்சிருப்பாங்களே, அதேதான். களை மட்டுப்படும், ஈரம் சீக்கிரம் காயாது. சாதாரண ஷீட் பாலித்தீன். அறுவடை முடிஞ்சதும் உரிச்செடுக்கணும். மெல்லிசா இருந்தா கிழிஞ்சு மண்ணோட போயிடும். சீனாவில் இப்படி வயல்ல சேர்ந்த கிழிசலுக்கு "வெள்ளை மாசு"ன்னே பேர். 2017-ல் அங்கே தர நிர்ணயத்தை மாத்தி, குறைந்தபட்சத் தடிமனை 0.008 மில்லிமீட்டரிலிருந்து 0.010 ஆக்கினாங்க. கிழியாம திருப்பி எடுக்க வரணும்ங்கறதுதான் நோக்கம்.

இதுக்கு மாற்றா வந்ததுதான் அப்படியே உழுதுவிடுற மக்கும் ஷீட். பெரும்பாலும் பிபிஏடிங்கற பாலியஸ்டரோட ஸ்டார்ச்சோ பிஎல்ஏவோ கலந்தது. நுண்ணுயிர்களால இதை முழுசா முழுங்க முடியாது, மூலக்கூறு அவ்வளவு நீளம். அதனால பூஞ்சையும் பாக்டீரியாவும் ஷீட் மேல ஒட்டிக்கிட்டு நொதிகளை வெளியே விடும். அந்த நொதிகள் தண்ணியோட சேர்ந்து எஸ்டர் பிணைப்புகளை வெட்டும். வெட்டுப்பட்ட குட்டித் துண்டுகள் செல்லுக்குள்ள போகும். அதுல ஒரு பங்கு கரியமில வாயுவா வெளியேறும், இன்னொரு பங்கு அந்த உயிரோட உடம்பாவே மாறும். பாலித்தீன்ல இப்படி சுலபமா வெட்ட ஒரு பிணைப்பே கிடையாது. பிரச்சினையே அங்கதான்.

இது வெறும் தியரி இல்லை. சூரிக்கின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்பன்-13 அடையாளம் போட்ட பிபிஏடியை மண்ணுல வச்சு, அந்தக் கார்பன் வாயுவாவும் பூஞ்சை இழைகளுக்குள்ளேயும் போறதை 2018-ல் காட்டினாங்க. ஆக, மக்கறது உண்மை. "எல்லாம் ஏமாத்து வேலை"ன்னு ஒரேயடியா சொல்றவங்க கட்சியில நான் இல்லை.

அப்ப சிக்கல் எங்கே? ஐரோப்பாவின் ஈஎன் 17033 தர நிர்ணயமும் 2018-ல்தான் வந்தது. மண்ணுல 2 வருஷத்துக்குள்ள 90 சதவீதம் கரியமில வாயுவா மாறணும்ங்கறது அதோட விதி. (மீதி 10 சதவீதம் பிளாஸ்டிக்காவே கிடக்கும்னு அர்த்தம் இல்லை. அதுல ஒரு பங்கு பூஞ்சையோட உடம்பா இருக்கலாம்.) நல்ல விதிதான். ஆனா சோதனை நடக்கறது ஆய்வகத்துல, 20 முதல் 28 டிகிரி வெப்பத்துல, ஈரம் பார்த்துப் பார்த்து வச்ச மண்ணுல.

நம்ம தொழில்ல இதுக்கு ஒரு புகழ்பெற்ற வசனம் இருக்கு: "என் மெஷின்ல ஓடுதே!" :-)

அமெரிக்காவில் ஒரே ரக ஷீட்டுகளை வலைப்பையில போட்டு ரெண்டு மாநில மண்ணுல புதைச்சுப் பார்த்தாங்க. வெதுவெதுப்பான டென்னசியில வேகமா சிதைஞ்சது, குளிரான வாஷிங்டன்ல மெதுவா. 3 வருஷம் கழிச்சும் ரெண்டு இடத்துலயும் முழுசா காணாமப் போகலை. ஆனா சூடான கம்போஸ்ட் குவியல்ல போட்டது சில மாசத்துலயே போயிடுச்சு. இன்னொரு கூத்து: மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுப்படி, வெயில் பட்டா பிபிஏடி மாதிரி ஷீட்டுகள்ல மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, மக்கற வேகம் குறையுது. வயல்ல ஒரு சீசன் காய்ஞ்ச ஷீட்டும் கடையில இருந்து வந்த புது ஷீட்டும் ஒண்ணு இல்லை.

இந்த வேகம் ஏன் அவ்வளவு முக்கியம்? சின்னக் கணக்கு. வருஷத்துக்கு ஒரு ஷீட் உழுறீங்க, மண்ணுல இருக்கறதுல பாதி வருஷா வருஷம் மக்குதுன்னு வச்சுக்குவோம். ஒண்ணு, ஒண்ணரை, ஒண்ணேமுக்கால்னு ஏறி, ரெண்டு ஷீட் அளவுல நின்னுடும். அதுக்கு மேல ஏறாது. பத்துல ஒரு பங்குதான் மக்குதுன்னா? பத்து ஷீட் வரைக்கும் போகும்! பாலித்தீனை உரிக்கும்போது பத்துல ஒரு பங்கு கிழிஞ்சு தங்கினா, அது 20 வருஷத்துல ரெண்டு ஷீட் ஆகும், அதுக்கப்புறமும் நிக்காம ஏறும். ஆக, மக்கும் ஷீட் ஜெயிக்கும். ஆனா உங்க மண்ணுல அது மக்கற வேகத்தைப் பொறுத்து. அந்த எண் தெரியாம வாங்கறது, சர்வர் கெபாசிட்டி தெரியாம ப்ராஜெக்ட் ஒத்துக்கற மாதிரி.

நம்ம நாட்டுச் சட்டத்துல இதுக்கு ஒரு பிடி இருக்கு. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2024-ல் செய்த திருத்தம், மக்கும் பிளாஸ்டிக்னா மண், நன்னீர், கடல்னு குறிப்பிட்ட சூழல்ல, மைக்ரோபிளாஸ்டிக் மிச்சம் வைக்காம சிதையணும்னு வரையறுக்குது. "குறிப்பிட்ட சூழல்"ங்கற வார்த்தையில தான் விஷயமே இருக்கு. கண்ணுக்குத் தெரியாத தூளா நொறுங்கறது மக்கறது ஆகாது. பாலித்தீன்ல உலோக உப்பு கலந்து நொறுங்க வைக்கிற ஆக்ஸோ ரகத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் தடை பண்ணினதும் இதனாலதான்.

அந்த வரையறை சுருள் மேல ஒட்டற லேபிள் வரைக்கும் வரணும். "மண்ணில், 25 டிகிரியில், 24 மாதத்தில் இத்தனை சதவீதம்"னு ஒரே ஒரு வரி. மக்கும் ஷீட் பாலித்தீனை விட விலை அதிகம். அந்த அதிகப் பணத்தை விவசாயி கொடுக்கறது ஒரே ஒரு வார்த்தையை நம்பி. மாத்திரை அட்டையில காலாவதித் தேதி இல்லன்னா நாம வாங்குவோமா? தலைமுறை தலைமுறையா விளையவேண்டிய மண்ணுல புதைக்கிற பொருளுக்கு அந்த ஒரு வரியைக் கேட்கறது பேராசையா, நீங்களே சொல்லுங்க.