சணப்பையில் புழுவா? பொறுங்க!

சணப்பை விதைத்து ஒரு மாசத்தில் இலை மேல முடி முளைத்த புழு தெரியும். கருப்பு உடம்பு, வெள்ளைக் கோடு, ஆரஞ்சுப் புள்ளி. உடனே கை தெளிப்பானைத் தேடும். கொஞ்சம் பொறுங்க.

பெரும்பாலும் அது உட்டெதீசா புல்செல்லா என்ற அந்துப்பூச்சியின் புழு. வளர்ந்த பூச்சிக்கு வெள்ளைச் சிறகு, அதில் சிவப்பும் கருப்புமாகப் புள்ளிகள். சிறகு விரித்தால் 3 முதல் 4 செ.மீ. புல்வெளி, தரிசு, வரப்பு என்று வெயிலடிக்கும் திறந்தவெளியில் பகலிலேயே தாழப் பறக்கும். ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா தொடங்கி நம்ம ஊர் வரைக்கும் உண்டு. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு, சணப்பை எல்லாம் அதன் தீனி. அந்தச் செடிகளின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் ஒதுக்கிவிடும்.

பசுந்தாள் உரத்துக்கு விதைத்த சணப்பையை 45, 50 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழப்போகிறோம். புழு தின்ற இலையும் எச்சமாக அதே மண்ணுக்குத்தான் போகிறது. அதுக்கு வேப்பெண்ணெய் அடிப்பதுகூட வீண்செலவு என்பேன். விதைக்கு விட்ட சணப்பை என்றால் கதை வேறு; காயைத் துளைக்கும். அங்கே புழுவைக் கையால் பொறுக்கிவிடுங்க.

கஷாயம் காய்ச்சத் தெரிந்தால் போதாது. எங்கே அடிக்க வேண்டாம் என்று தெரிந்து சும்மா இருப்பதும் இயற்கை விவசாயம்தான்.