மச்சான் என்னும் சொல்

நட்பைப் போற்றியவர் தமிழர் என்பதில் ஐயமில்லை. வள்ளுவர் நட்பின் இலக்கணத்தில் தொடங்கிக் கூடாநட்பு ஈறாக ஐந்து அதிகாரங்களை அதற்கென வகுத்தார். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே பூண்ட நட்பை நம் மாணவர் அறிவர். அரிஸ்டாட்டிலும் தமது ஒழுக்க நூலின் பத்துப் பகுதிகளுள் இரண்டை நட்புக்கே அளித்தார். ஏட்டிலே இத்துணைப் பெருமை பேசும் நாம், வேலிக்கு அப்பால் வாழும் மனிதனோடு எங்ஙனம் பழகுகிறோம்?

தெஹியோவிட்டவில் வாழ்பவனுக்கு இது நாள்தோறும் எழும் வினா. கேகாலை மாவட்டத்தின் இப்பகுதியில் இறப்பர்த் தோட்டமும் சிங்களக் கிராமமும் தோளோடு தோள் உரசிக் கிடக்கின்றன. கடைத்தெரு ஒன்று, பஸ் ஒன்று, மழையும் ஒன்றே.

சிங்கள இளைஞன் தன் தோழனை ‘மச்சான்’ என்று அழைக்கிறான். நமக்கு அது முறைப்பெயர். சிங்களவர் உறவுமுறையும் பெரிதும் நம்முடையதை ஒத்தது. மாமன் மக்கள் மணத்திற்குரியவர். சிற்றப்பன் மக்கள் உடன்பிறந்தார். ஆங்கிலேயனோ இரு சாராரையும் ‘கசின்’ என்ற ஒரே சொல்லால் சுட்டி விடுவான்! அவனுக்கு உறவு பிறப்பால் வருவது, நட்பு தான் தேர்ந்துகொள்வது. நாமும் சிங்களவரும் நண்பனுக்கு ஓர் உறவுப்பெயர் சூட்டாமல் அமைவதில்லை.

அங்ஙனமாயின் இருவரும் எளிதிற் கூடியிருக்க வேண்டுமே? கூடவில்லை. ‘உம்ப’ என்பது சிங்களத்தில் ஒத்த வயதினர் நெருங்கிப் பேசும் சொல். தந்தை வயதுடைய பால்வெட்டுத் தொழிலாளியை அறிமுகமில்லா வாலிபன் ‘உம்ப’ என்கிறான். அவரோ ‘மாத்தயா’ என்று மறுமொழி தருகிறார். இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருவர் மேலும் மற்றவர் கீழும் நின்று பேசும் பேச்சில் நட்பு முளைக்குமோ? நம்மவரும் சளைத்தவரல்லர். வயது முதிர்ந்த சிங்களவரையும் லயத்துக்குள் ‘அவன்’ என்றே சுட்டுகிறோம்.

இதற்கு மொழியை மட்டும் நோவதிற் பயனில்லை. சிங்கள நெற்செய்கைக் கிராமத்தில் ‘அத்தம்’ என்றொரு வழக்கம் உண்டு. இன்று என் வயலில் நீ உழைத்தால் நாளை உன் வயலில் நான் உழைப்பேன். வயலே இல்லாத தோட்டத் தொழிலாளி இக்கொடுக்கல் வாங்கலில் எதைக் கொண்டு புகுவான்? பெற்றதைத் திருப்பித் தர வழியில்லாதவனை உலகம் இரக்கத்தோடு நோக்கலாம்; தோழனாகக் கொள்வது அரிது. சாவு வீட்டில் மட்டும் இவ்வேலி சற்றே தளர்கிறது. அங்கே வந்து நிற்பதே கொடை, வந்தவர் வீட்டுச் சாவுக்குப் போய் நிற்பதே கைம்மாறு. அதற்கு நிலம் வேண்டியதில்லை.

சட்டமும் தன் பங்கிற்குப் பிரித்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சியோரைப் பின்னைக்கு ஒதுக்கிற்று. நாளை கப்பலேற வேண்டியவனோடு எவர் நீண்ட நட்பை நாடுவர்? 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமைச் சிக்கல் பெரிதும் தீர்ந்தது. பழக்கம் தீரவில்லை.

நண்பர்கள் பெரும்பாலும் பள்ளி வயதில் வாய்க்கிறார்கள். நம் பிள்ளைகளோ ஒரே பாதையில் நடந்து, மொழியால் பிரிந்த இரு பள்ளிகளுக்குள் நுழைகிறார்கள். இரண்டாம் மொழிப் பாடம் இருக்கிறது. அது பரீட்சைத் தாளோடு முடிகிறது. சிங்களத்தில் ‘அய்யா’ என்றால் அண்ணன்; அவ்வாறு அழைத்தால் தாழ்ந்து பணிந்ததாகாது என்பதை எத்தனை தமிழ் மாணவர் அறிவர்? தமிழில் ‘நீ’ எங்கே பொருந்தும், ‘நீங்கள்’ எங்கே வேண்டும் என்று சிங்களப் பிள்ளைக்கு எவர் சொல்லிக் கொடுக்கிறார்? ஆசிரிய அன்பர்கள் இலக்கணத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, முதற் பாடமாக விளிப்பெயர்களைக் கற்பிக்கலாம். மாதம் ஒருமுறை ஒரு பள்ளிப் பிள்ளைகள் மற்றப் பள்ளிக்குச் சென்று அப்பாடத்தைப் பேசிப் பார்க்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. இரு தலைமை ஆசிரியர்கள் ஒருநாள் சந்தித்துப் பேசினால் அடுத்த தவணையிலேயே தொடங்கிவிடலாம்.