வாசலில் நிற்கும் மின்சாரம்

மோட்டார் கார் வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், நாளொன்றுக்கு அது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மற்ற நேரமெல்லாம் வாசலில் வெயில் காய்கிறது. பெட்ரோல் கார் என்றால் நின்றுவிட்டுப் போகட்டும். மின்சாரக் கார் அப்படியா? ஒரு குடும்பத்துக்குச் சில நாட்களுக்குப் போதுமான மின்சாரத்தை மடியில் கட்டிக்கொண்டல்லவா நிற்கிறது! அதை எடுத்து வீட்டுக்கு விளக்கேற்றலாம், மிஞ்சியதை ஊர்க் கம்பிக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் விதி எழுதப்போவது யார் என்பதையும் கேட்கிறோம்.

ஏன் கேட்கிறோம் என்பதற்கு ஜப்பானின் கதையே போதும். 2011 மார்ச் 11-ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் புகுஷிமா அணுமின் நிலையத்தைச் சாய்த்தன. டோக்கியோவைச் சுற்றி முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். மேற்கு ஜப்பானிலோ மின்சாரம் இருந்தது, கொண்டுவரத்தான் வழியில்லை! பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ கம்பெனி ஜெர்மனியில் எந்திரம் வாங்கிற்று, ஒசாகா கம்பெனி அமெரிக்காவில் வாங்கிற்று. கிழக்கின் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, மேற்கின் மின்சாரம் 60. இரண்டையும் இணைத்த நிலையங்களின் திறன் அன்று சுமார் 10 லட்சம் கிலோவாட்தான். இரண்டு கம்பெனிகள் தத்தம் வசதிக்குச் செய்த கொள்முதலுக்கு, நூறாண்டு கழித்து மக்கள் இருட்டில் அமர்ந்து வட்டி கட்டினார்கள்.

அந்த இருட்டில்தான் காரின் பாட்டரி கண்ணில் பட்டது. 2012-இல் நிசான் கம்பெனி, தன் 'லீஃப்' காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கருவியைக் கொண்டுவந்தது. 24 யூனிட் கொள்ளும் பாட்டரி; சராசரி ஜப்பானிய வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். மின்வெட்டுக் காலத்தில் நம் வீட்டு மூலையில் உறுமிக்கொண்டிருந்ததே இன்வெர்ட்டர், அதற்குச் சக்கரம் முளைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் சீபா பகுதியைப் புயல் தாக்கி 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டபோது, மின்சாரக் கார்களை அனுப்பி விசிறி சுழலவும் கைப்பேசிக்கு மின்னேற்றவும் உதவினார்கள். பேரிடர் வந்தால் கார்களை அடைக்கல முகாம்களுக்கு அனுப்புவதென்று நகராட்சிகளோடு ஒப்பந்தங்களும் உண்டு. இது பொதுநலம், மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் பழைய கதை புதிய உருவில் திரும்புவதையும் பாருங்கள். ஜப்பானியர் வகுத்த 'சாடெமோ' முறையில் மின்சாரம் ஏறவும் இறங்கவும் வழியுண்டு. ஐரோப்பாவும் அமெரிக்காவும் வேறு முறையை எடுத்தன. திருப்பிக் கொடுப்பதற்கான அனைத்துலக விதி அதற்கு 2022-இல்தான் வெளிவந்தது. அமெரிக்காவில், ஒரு கம்பெனியின் காருக்கு அதே கம்பெனியின் பெட்டியைத்தான் சுவரில் மாட்டவேண்டும் என்ற கூத்தும் நடந்தது. மறுபடியும் ஐம்பதும் அறுபதுமா?

பாட்டரி தேயாதா என்பார்கள். தேயும், மறுக்கவில்லை. ஏற்றி இறக்குகையில் ஒரு பங்கு சூடாகி வீணாவதும் மெய்யே. ஆகவேதான் விலை பேசவேண்டும் என்கிறோம். அந்திக்குப் பின் ஊரே விளக்கேற்றும் நேரத்தில் வாங்கும் யூனிட்டுக்கு, நள்ளிரவு விலையைக் கொடுத்துக் கணக்கு முடித்தால் அது வாணிபமா, வழிப்பறியா? தேய்மானத்தையும் சேர்த்துத் தரட்டும்.

இன்னொன்றை யாரும் பேசக் காணோம். ஜப்பானில் அந்தக் கருவியும் அதை மாட்டும் கூலியும் பல லட்சம் யென். சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உடையவருக்கே அது எட்டும். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? காருள்ளவருக்குக் கொடுக்கும் சலுகையைக் காரில்லாதவரின் மின்கட்டணத்தில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

கலிபோர்னியாவில் 2024-இல் ஒரு சட்டம் செய்தார்கள். மின்சாரக் கார்கள் இருவழியும் இயங்கவேண்டும் என்று கட்டளையிட அங்குள்ள எரிசக்தி ஆணையத்துக்கு அது அதிகாரம் தந்தது. கம்பெனி முந்துமுன் அரசு முந்தியது. நம் நாட்டிலும் மின்சாரக் கார்கள் வீதிக்கு வந்துவிட்டன. எல்லாக் காருக்கும் பொருந்தும் ஒரே இணைப்பு, தேய்மானத்தைச் சேர்த்த நேர்மையான விலை, காலையில் மருத்துவமனைக்குப் போக எவ்வளவு மிச்சம் வேண்டும் என்பதைக் காருக்கு உடையவரே குறிக்கும் உரிமை: இவற்றை முதலில் எழுதிவிட்டு, பிறகு கம்பெனிகளைப் பேச்சுக்கு அழைக்கட்டும்.