முதல் சோதனை முடிவு அல்ல!

மரக்காணம் உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள். பாத்தியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். "உப்பு விளைந்துவிட்டது" என்று நாம் சொல்வோம். உப்பளத் தொழிலாளி சிரிப்பார்.

உப்புநீர் வெயிலில் சுண்டும்போது, முன்னதாகப் படிவது ஜிப்சம். அதற்குப் பிறகுதான் உப்பு. வெள்ளையாக இருப்பது எல்லாம் உப்பு அல்ல!

எச்.ஐ.வி. ரத்தச் சோதனையும் அப்படித்தான்.

பாதி வார்த்தை

உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனை செய்வது வழக்கம். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள்.

"கிருமி இருப்பதுபோல் தெரிகிறது. மறுபடி சோதிக்க வேண்டும்" என்கிறார் நர்சு.

அவள் காதில் முதல் பாதிதான் விழுகிறது. அந்தப் பாதி ஊருக்குள் பரவுகிறது. மாமியார் தட்டைத் தனியே வைக்கிறாள். புருஷன் முகம் கொடுத்துப் பேசுவது இல்லை.

மறு சோதனையில் "கிருமி இல்லை" என்று வந்தால்? போன மானத்தை யார் திருப்பித் தருவார்கள்?

ஏன் தவறு வருகிறது?

இந்தச் சோதனை கிருமியைத் தேடுவது இல்லை. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடுகிறது. வேறு காரணத்தால் உண்டான பொருளும் சில சமயம் அதுபோலவே தோன்றும். கர்ப்ப காலத்திலும் இப்படி நேரலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். 10,000 பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் 20 பேருக்கே கிருமி உண்டு. சோதனை 200 பேரில் ஒருவருக்குத் தவறு செய்கிறது. அப்படியானால், கிருமி இல்லாத 50 பேருக்கும் "இருக்கிறது" என்று காட்டும்! மொத்தம் 70 பேரில் 50 பேர் நோய் இல்லாதவர்கள்!

ஆகையால்தான், வேறு வேறு வகையான 3 சோதனைகளிலும் "உண்டு" என்று வந்த பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முடிவு தெளிவாக இல்லாவிட்டால், 2 முதல் 4 வாரம் கழித்து மறுபடி சோதிப்பார்கள்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தக் கிருமியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் சோதனை நடந்தது. "உண்டு" என்று வந்தது. உடனே நம்பிவிட்டார்களா? இல்லை. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்கா வரை அனுப்பி உறுதி செய்தார்கள். டாக்டர்களே காத்திருந்தார்கள். நாம் அவசரப்படலாமா?

காத்திருக்கும் நாட்களில்

அரசு ஆஸ்பத்திரியில் உள்ள "நம்பிக்கை மைய"த்துக்குப் போங்கள். சோதனை இலவசம். சந்தேகம் இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள்.

நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுங்கள். சாப்பாட்டையும் வேலையையும் விடாதீர்கள். போலி வைத்தியரிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். முடிவு தெரியும் வரை ரத்ததானம் வேண்டாம். கணவன், மனைவி சேரும்போது ஆணுறை அவசியம்.

நர்சம்மா! "இது முடிவு அல்ல" என்பதை முதலில் சொல்லுங்கள். கெட்ட சேதியைப் பிறகு சொல்லுங்கள்.

உறுதியானால்?

அப்போதும் உலகம் முடிந்துவிடவில்லை. 2004 முதல் அரசு இலவசமாக மருந்து தருகிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டால் நீண்ட நாள் வாழலாம். பிள்ளைக்குக் கிருமி போகாமலும் தடுக்கலாம்.

சம்மதம் இல்லாமல் இதை ஊருக்குச் சொல்லக் கூடாது. நோயைக் காட்டி வேலையை விட்டு நீக்கவும் கூடாது. 2018 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது.

ஒரு தட்டில் சாப்பிட்டால் இந்தக் கிருமி ஒட்டாது. தட்டைத் தனியே வைத்தால் ஒரு மனம் உடையும். மாமியார்களே, புருஷன்மார்களே, சோதனை முடியும் முன்பும் தட்டைப் பிரிக்காதீர்கள். முடிந்த பின்பும் பிரிக்காதீர்கள்!