ரேஸ் பெல்ட் மாட்டினால் உயிர் தப்புமா?

ராமநாதபுரத்தில் ஒரு கார் ஆக்சசரீஸ் கடை. கடைப் பெயர் வேண்டாம். போன வாரம் அந்த வழியாகப் போனேன். வாசலில் ஒரு வெள்ளைக் கார், நாலு கதவும் திறந்து கிடந்தது. டிரைவர் சீட்டைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் புத்தம் புது 'பக்கெட்' சீட்! கூடவே சிவப்புக் கலரில் நாலு வார் வைத்த பெல்ட். ரேஸ்காரர்கள் மாட்டுவார்களே, அதே மாதிரி.

காருக்குச் சொந்தக்கார வாலிபருக்கு 23 வயதுக்கு மேல் இருக்காது.

"எதுக்குத் தம்பி இது?" என்றேன்.

"மெட்ராஸ்ல இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டப் போறேண்ணே. சொந்தக் காரையே கொண்டுபோய் ஓட்டலாம். 'டிராக் டே'ன்னு பேரு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நம்ம தனுஷ்கோடி ரோடு இருக்குல்ல!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாவட்டத்தில் விபத்துச் செய்தி எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் பெற்றவர்கள் அழுவதைக் கேட்டவனுக்கு அந்தச் சிரிப்பில் சேர முடியாது.

"ஏண்ணே மூஞ்சி சுருங்குது? அஜித் சாருக்கு துபாய்ல கார் செவுத்துல மோதி சுத்துனுச்சே, பாத்தீங்களா? ஒரு கீறல் இல்ல. இந்த சீட்டும் பெல்ட்டும்தானே காப்பாத்துச்சு!"

நடந்தது உண்மை. 2025 ஜனவரி 7-ந் தேதி துபாய் ஓடுதளத்தில் பயிற்சியின்போது நடிகர் அஜித்குமார் ஓட்டிய போர்ஷே கார் தடுப்பில் மோதிப் பம்பரமாய்ச் சுழன்றது. அவர் தானாக இறங்கி நடந்து வந்தார். அந்த வீடியோ பார்க்காத ஆள் நம்ம ஊரில் உண்டா?

ஆனால் அவரைக் காப்பாற்றியது சீட்டும் பெல்ட்டும் மட்டும் இல்லை. அந்தக் காருக்குள் இரும்புக் குழாயை வளைத்து, கூண்டு மாதிரி பற்றவைத்திருக்கிறார்கள். உடம்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரே வார்ப்பு சீட்டு. கவட்டுக்கு நடுவிலும் பட்டை போகிற பெல்ட்டு. தலைக்கவசம். அந்தத் தலைக்கவசத்தைத் தோளோடு சேர்த்துப் பிடிக்கிற 'ஹான்ஸ்' என்ற கழுத்துக் காப்பு. அத்தனையும் சேர்ந்து ஒரே சாதனம். அதில் ரெண்டை மட்டும் பிய்த்து வந்து வீட்டுக் காரில் மாட்டினால் பாதுகாப்பு பாதியாவது வருமா? வராது. இருந்த பாதுகாப்பும் போகும்!

முளை ஆடினால்?

அந்தக் கடையில் சிவப்புப் பெல்ட்டின் தோள் வாரை எங்கே கட்டினார்கள் தெரியுமா? பின் சீட்டுக்குக் கீழே, தரைத் தகட்டில் ஓட்டை போட்டு, ஒரு போல்ட்டு. அடியில் பட்டைத் தகடுகூட வைக்கவில்லை.

பாம்பனில் எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கயிறு புதுசா இருந்து என்ன தம்பி, முளை ஆடுனா படகு நிக்குமா?" என்றார். என்ஜினீயர் சொல்ல வேண்டியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது நாலு மாடிக் கட்டட மொட்டை மாடி. அந்த வேகத்தோடு உங்கள் உடம்பு முன்னால் பாயும்போது அத்தனை பாரமும் அந்த ஒரு போல்ட்டில்! மெல்லிய தகடு காகிதம் மாதிரி கிழியும்.

சரி, தகடு கிழியவில்லை என்றே வையுங்கள். தோள் வார் பின்னால் போகும்போது தோள் மட்டத்தில், இல்லையென்றால் கொஞ்சமே கீழே இறங்கிப் போக வேண்டும். தோளைத் தாண்டியதும் செங்குத்தாகத் தரைக்கு இறங்கினால், மோதும்போது தோளைக் கீழ்நோக்கி அழுத்தும். முதுகெலும்பு நசுங்கும்.

அடுத்தது நாலு வார் விஷயம். தோள் வார் ரெண்டும் இறுகும்போது நடுவில் உள்ள பூட்டை மேலே இழுக்கிறது. இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். உடம்பு அதற்கு அடியில் நழுவும். எலும்பு தாங்க வேண்டிய அடியைக் குடலும் ஈரலும் தாங்கும். அதற்காகத்தான் ரேஸ்காரர்கள் கவட்டுப் பட்டையும் சேர்த்து ஆறு வார் பெல்ட் போடுகிறார்கள். அந்தப் பட்டை வர சீட்டின் நடுவில் துளை வேண்டும். தோள் வாருக்கு முதுகில் ரெண்டு துளை வேண்டும். கம்பெனி சீட்டில் இந்தத் துளைகள் கிடையாது. கம்பெனி சீட்டில் ரேஸ் பெல்ட்டைக் கட்டினாலும், ரேஸ் சீட்டில் நாலு வாரைக் கட்டினாலும் ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் பூட்ஸ் கதைதான்.

தலை இருக்கிறதே தலை! உடம்பை இறுக்கிக் கட்டிவிட்டால் முன்னால் பாய்வது தலை மட்டும்தான். அமெரிக்காவின் பெரிய ரேஸ் வீரர் டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரி 18-ந் தேதி டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்துபோனது. கழுத்துக் காப்பு அவர் போட்டிருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே அது கட்டாயம் ஆனது. பார்முலா ஒன்னில் 2003-ல் வந்தது. ராமநாதபுரம் கடையில் கழுத்துக் காப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "அது என்னாண்ணே?" என்றார் கடைக்காரர்.

கவிழ்ந்தால் இன்னொரு கேடு. கூண்டு இல்லாத கார் தலைகீழாகப் புரண்டால் கூரை அமுங்கும். சாதாரண பெல்ட்டில் உடம்பு கொஞ்சம் சாய இடம் உண்டு. நாலு வாரில் கட்டப்பட்டவர் ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்தே இருப்பார். கூரை நேரே தலையில் இறங்கும்.

கம்பெனி பெல்ட் லேசுப்பட்டதா?

கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட்டை நம் பிள்ளைகள் கேவலமாக நினைக்கிறார்கள். 1959-ல் வோல்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் என்ற என்ஜினீயர் உண்டாக்கியது. மற்ற கம்பெனிகளும் செய்துகொள்ளட்டும் என்று வோல்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. இன்றைய பெல்ட்டில் மோதிய மாத்திரத்தில் தானே இறுக்குகிற வேலையும் உண்டு, நெஞ்சு நொறுங்காமல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற வேலையும் உண்டு. அந்த சீட்டு, அந்த பெல்ட்டு, காற்றுப்பை மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் கம்பெனிக்காரன் மோதிப் பார்த்திருக்கிறான்.

கீழக்கரை மெக்கானிக் ஒருவர், எல்லோரும் 'காக்கா' என்று கூப்பிடுவார்கள், அவரிடம் கேட்டேன்.

"முதல் தடவை டிராக்குக்குப் போற பையன் கம்பெனி சீட்டு, கம்பெனி பெல்ட்டோட போகட்டும். பிரேக்கும் டயரும் நல்லாப் பாத்துக்கட்டும். அது போதும். அதுக்கு மேல வேணும்னா எல்லாத்தையும் செய்யணும். நடுவுல நிக்கப்படாது" என்றார்.

என் கட்சியும் அதுதான். ஒன்று, கம்பெனி தந்தபடியே வையுங்கள். இல்லையா, கூண்டு, தரையோடு உறுதியாகப் பூட்டிய வார்ப்பு சீட்டு, ஆறு வார், கழுத்துக் காப்பு என்று முழுசாகச் செய்து, அந்தக் காரை டிராக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூண்டு வைத்த காரில் தலைக்கவசம் இல்லாமல் கடைவீதிக்குப் போனால், சின்ன மோதலுக்கே இரும்புக் குழாய் மண்டையைப் பிளக்கும்.

முழுசாகச் செய்கிறவர்கள் பார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறது. சீட்டு உங்கள் உடம்பு அளவுக்கு இருக்க வேண்டும், அண்ணன் தம்பி மாற்றிப் போடுகிற சட்டை இல்லை அது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எப்.ஐ.ஏ.வின் முத்திரையும் வருஷமும் பார்த்து வாங்க வேண்டும். 8855-1999 என்ற தரத்தில் வருகிற சீட்டுக்கு ஆயுள் 5 வருஷம்தான். பெல்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. ஒட்டுகிற முத்திரை என்பதால் போலியும் உலவுகிறது. பழைய மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், வெயிலில் காய்ந்த நூல் இழை பார்ப்பதற்குப் புதிதாய் இருக்கும், இழுத்தால் அறும். நம்ம ஊர் உப்புக்காற்று வேறு. ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று, போல்ட்டை விட்டுவைக்குமா?

இத்தனையும் இருந்தும் ஆபத்து போய்விடுவதில்லை. 2023 ஜனவரி 8-ந் தேதி அதே இருங்காட்டுக்கோட்டையில், பல வருஷம் பழுத்த ரேஸ் வீரர் கே.இ.குமார், 59 வயது, பந்தயத்தில் இன்னொரு காருடன் மோதி, கார் கவிழ்ந்து உயிரிழந்தார். டாக்டரும் ஆம்புலன்சும் காத்திருக்கிற இடத்திலேயே அப்படி.

தனுஷ்கோடி ரோட்டில் யார் காத்திருக்கிறார்கள்? 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதிலிருந்து சாயங்காலம் அங்கே வாலிபர்கள் கார் ஓட்டுகிற லட்சணத்தை வேன்காரர்களைக் கேளுங்கள். ரெண்டு பக்கமும் கடல். காற்றடித்தால் தார் மேல் மணல் ஏறிவிடும். மணலில் ஏறிய டயர் பிரேக்குக்குக் கட்டுப்படாது. நடுவில் செல்பி எடுக்கிற வடநாட்டு யாத்ரீகர்கள், குழந்தைகள். அங்கிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரி 70 கிலோமீட்டருக்கு மேல். பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"எனக்கு ரேசும் தெரியாது, டிராக்கும் தெரியாது" என்று பக்கத்தைப் புரட்டப் போகிற அன்பர்களே, ஒரு நிமிஷம். மதுரையிலிருந்து ராத்திரி கார் எடுத்து, விடிகாலை ராமேசுவரம் அக்னி தீர்த்தத்துக்கு வருகிறீர்கள் அல்லவா? முன் சீட்டுக்காரர் சீட்டைக் கட்டில் மாதிரி சாய்த்துத் தூங்குவார். பெல்ட்டு போட்டிருப்பார். ஆனால் தோள் பட்டை அவர் நெஞ்சைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். டிரைவர் பரமக்குடி பக்கம் கண் அயர்ந்து மரத்தில் மோதினால் அவரும் பட்டைக்கு அடியில் நழுவத்தான் போகிறார். சீட்டும் பெல்ட்டும் ஜோடி. ரேஸ் காருக்கும் வாடகைக் காருக்கும் அந்தக் கணக்கு ஒன்றே.

பின் சீட்டில் பெல்ட்டைத் தேடினால் மெத்தைக்கு அடியில் சொருகி வைத்திருப்பார்கள். 2022 செப்டம்பர் 4-ந் தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது பின் சீட்டில், பெல்ட் போடாமல். கார் என்னவோ மெர்சிடிஸ் பென்ஸ்தான்!

பெல்ட் போடாமலே மணிச் சத்தத்தை அடக்க ஒரு கிளிப் விற்றார்களே, நினைவிருக்கிறதா? 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய ஆன்லைன் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டு 13,118 விளம்பரங்களை நீக்க வைத்தது. நான் சொன்ன கடையில் அந்தக் கிளிப் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது.

பெல்ட் போடாவிட்டால் ரூ.1,000 அபராதம். கேணிக்கரையில் போலீசார் பிடிக்கிறார்கள், சரி. கம்பெனி பெல்ட்டையே கழற்றி எறிகிற கடையை யார் பிடிப்பது? ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது. சீட்டு மாற்றுவது அதில் சேருமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் ஒரு நாள் இந்தக் கடைகளுக்குள் நுழைந்து பார்த்தால் என்ன? எப்.சி.க்கு வருகிற லாரியின் முகப்பு விளக்கைத் தட்டிப் பார்க்கிற கை, அந்தத் தரைப் போல்ட்டையும் ஒரு தடவை ஆட்டிப் பார்க்கட்டும்.

அந்த வாலிபரிடம் இத்தனையும் சொன்னேன். "யோசிக்கிறேண்ணே" என்றார். கடைக்காரர் என்னை முறைத்தார். வியாபாரத்தைக் கெடுத்தவனை வேறு எப்படிப் பார்ப்பார்?

நேற்று சாயங்காலம் மறுபடி அந்தப் பக்கம் போனேன். வெள்ளைக் கார் இல்லை. கழற்றிய கம்பெனி சீட்டு மட்டும் கடை வாசலில், விற்பனைக்கு. சாக்பீசில் 'ரூ.2,500' என்று எழுதியிருந்தார்கள். அதன் பக்கவாட்டில், தையல் ஓரத்தில், சின்னத் துணி அடையாளம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஏர்பேக் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.