பேரியும் பட்டையும் நம் மலையில் இருக்க, மிஷினுக்குக் கடன் எதற்கு?

கேள்வி: சேர்வராயன் மலையில் செம்மநத்தம் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கரில் காபி, மிளகு இருக்கிறது. நடுநடுவே 20 பேரி மரமும் 4 இலவங்கப்பட்டை மரமும் உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஏர் ஃப்ரையர் ஒன்று வாங்கித் தந்தான். ஆப்பிளை நறுக்கி, பட்டைத்தூள் போட்டு அதில் சுடச்சுடச் செய்யலாம் என்று கைப்பேசியில் காட்டினான். செய்து பார்த்தோம், பேரப்பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டார்கள். எங்கள் மகளிர் குழுவில் 12 பேர். குழுக்கடன் எடுத்து 5 மிஷின் வாங்கி, மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும்போது ஏற்காட்டில் கடை போடலாம் என்று பேசி வருகிறோம். ஆப்பிளுக்குப் பதிலாக எங்கள் பேரிக்காயைப் போட்டால் சரியாக வருமா? கடன் வாங்கலாமா?
– வாசகி ஒருவர், செம்மநத்தம், ஏற்காடு

பதில்: சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கு வரும் என்பதும், இரண்டாவதற்கு வேண்டாம் என்பதும் பதில். இரண்டாவதை முதலில் பார்த்துவிடுவோம். குழுவில் கையெழுத்துப் போட்ட பிறகு படித்துப் பயனில்லை.

மலர்க் கண்காட்சி மே மாதம். உங்கள் மரத்துப் பேரி பறிப்புக்கு வருவது ஆனி பிறந்த பிறகு. ஆடி, ஆவணியில்தான் மரம் நிறையக் காய் இருக்கும். ஆக, கூட்டம் வரும்போது உங்களிடம் பழம் இருக்காது. சேலம் மண்டியில் ஆப்பிள் வாங்கித்தான் கடை போட வேண்டும். இமாசலத்திலும் காஷ்மீரிலும் ஆப்பிள் அறுவடை ஆடியில் தொடங்கி ஐப்பசியோடு முடிந்துவிடும். மே மாதத்தில் மண்டிக்கு வருவது மாதக்கணக்கில் குளிர்பதனக் கிடங்கில் கிடந்த பழம், இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பழம். இரண்டும் விலை கூடுதல். அதை வாங்கி, மலை ஏற்றி, கடன் மிஷினில் சுட்டு விற்றால் லாபம் யாருக்கு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது மிஷினின் கொள்ளளவு. இதன் பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். மேலே ஒரு சூடேற்றும் கம்பி, அதன் மேல் ஒரு விசிறி, கீழே துளையிட்ட கூடை, அவ்வளவுதான். சூடான காற்று துண்டுகளைச் சுற்றி ஓடி மேல்பரப்பு ஈரத்தை இழுப்பதால்தான் வெளியே லேசாக முறுகி உள்ளே மெத்தென்று ஆகிறது. காற்று சுற்ற வேண்டுமானால் துண்டுகள் நெருக்கியடித்துக் கிடக்கக் கூடாது. 4 லிட்டர் கூடையில் 400 கிராம் துண்டுக்கு மேல் போட்டால் அது வறுபடாது, வேகத்தான் செய்யும். அந்த 400 கிராமும் ஈரம் போய் ஏறக்குறைய 300 கிராமாகும். கப்புக்கு 100 கிராம் என்றால் 3 கப். நறுக்கிப் போட, எடுக்க, துடைக்க எல்லாம் சேர்த்து மணிக்கு 3 ஈடு எடுக்கலாம். ஒரு மிஷினுக்கு மணிக்கு 9 கப், 5 மிஷினுக்கு 45 கப்.

அதே நேரத்தில் இரண்டு அடுப்பில் இரண்டு அடிகனமான சட்டி வைத்து, சட்டிக்கு 3 கிலோ துண்டு போட்டு அரை மணிக்கு ஓர் ஈடு எடுத்தால் மணிக்கு 80 கப்புக்குக் குறையாது. சட்டி உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மிஷின் 1500 வாட் என்றால் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஐந்தும் ஒன்றாக ஓடினால் 7500 வாட், 30 ஆம்பியருக்கு மேல். தற்காலிகக் கடைக்கு இழுக்கும் ஒயரில் இதை ஓட்டுவது ஆபத்து. வீட்டில் இருக்கும் ஒரு மிஷினையும் சிறிய பிளக்கில் மாட்டாதீர்கள். எர்த் உள்ள 16 ஆம்பியர் பெரிய பிளக்கில்தான் மாட்ட வேண்டும். நீட்டிப்புப் பெட்டி வேண்டவே வேண்டாம். பிளக் தொட்டால் சுடுகிறது என்றால் அன்றே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஓர் ஈடு 15 நிமிடம் ஓடினால் அதிகபட்சம் 0.375 யூனிட்தான் ஆகும். அதனால் வீட்டு உபயோகத்துக்குச் செலவென்று பயப்பட வேண்டியதில்லை.

இனி பேரிக்கு வருவோம். நம் மலையில் பேரி புதிதல்ல. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியோடு ஆப்பிள், பேரி முதலியவற்றையும் இங்கே கொண்டுவந்து நட்டதாக ஏற்காட்டு வரலாறு சொல்கிறது. அதில் காபி நிலைத்தது, பேரி நிலைத்தது, ஆப்பிள் நிலைக்கவில்லை. காரணத்தை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ஆப்பிளும் பேரியும் ஒரே குடும்பம்தான், ஆனால் சட்டியில் ஒன்றுபோல நடக்காது. ஆப்பிள் சீக்கிரம் குழையும். நம் நாட்டுப் பேரி கெட்டி. கடித்தால் மணல் மணலாகப் படுமே, அது கல் போன்ற தடித்த உயிரணுக்களின் கூட்டம். எவ்வளவு வேகவைத்தாலும் அது கரையாது. விதைக்கூட்டைச் சுற்றித்தான் அதிகம் இருக்கும். ஆகவே விதைப் பகுதியைத் தாராளமாக வெட்டி எடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. அந்தக் கழிவை மாட்டுக்குப் போடலாம்.

பறிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மரத்திலேயே பழுக்கட்டும் என்று விட்டால் பேரி உள்ளிருந்து மாவாகிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. காய் முற்றி, கரும்பச்சை மாறி வெளிர்பச்சையாகும்போது பறிக்க வேண்டும். காயைக் கையில் தாங்கிப் பக்கவாட்டில் உயர்த்தினால் காம்போடு கழன்று வருவதுதான் முற்றிய காய். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் இன்னும் நாளாக வேண்டும். பறித்ததை வைக்கோலிலோ செய்தித்தாளிலோ வைத்தால் சில நாளில் காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக இளகும். சமைக்க அந்தப் பக்குவம் போதும். கீழே விழுந்து அடிபட்ட காயை அன்றே அடிபட்ட இடத்தை வெட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். புழுத்ததையும் அழுகியதையும் இதில் சேர்க்கக் கூடாது.

செய்முறை இதுதான். பேரி அரை கிலோ. தோல் சீவி, விதைப் பகுதி நீக்கி, சுண்டுவிரல் கனத்துக்குத் துண்டு போடுங்கள். உடனே அரை மூடி எலுமிச்சைச் சாறு பிசிறிவிட்டால் கறுக்காது. ஒரு தேக்கரண்டி நெய்யை உருக்கி, அதில் அரைத் தேக்கரண்டி பட்டைத்தூளையும் ஒரு சிட்டிகை உப்பையும் குழைத்துத் துண்டுகளின் மேல் புரட்டுங்கள். தூளை வெறுமனே தூவினால் விசிறிக் காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகும், வீடெல்லாம் கசந்த வாசம் வரும். நெய்யில் குழைப்பது அதற்காகத்தான். 180 டிகிரியில் 8 நிமிடம் வைத்து, கூடையை ஒருமுறை குலுக்கி, இன்னும் 6 அல்லது 7 நிமிடம் வையுங்கள். கெட்டிப் பேரியானால் 18 நிமிடம் வரை போகும். ஆப்பிளுக்கு மொத்தமே 10 முதல் 12 நிமிடம் போதும். இரண்டு தேக்கரண்டி நாட்டுச்சர்க்கரையைக் கடைசி 3 நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே சேர்த்தால் தீய்ந்துவிடும்.

கூடையில் காகிதம் விரிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பழத்தின் பாரம் இல்லாமல் வெறும் காகிதத்தை வைத்து மிஷினைச் சூடேற்றினால் அது எழும்பிக் கம்பியில் பட்டுப் பற்றிக்கொள்ளும். கவனம்.

மிஷின் இல்லாத சகோதரிகள் மண்சட்டியில் அல்லது அடிகனமான பாத்திரத்தில் நெய், பட்டை, பேரி போட்டு, மூடி வைத்து இளந்தீயில் 15 நிமிடம் வேகவிட்டு, பிறகு மூடியைத் திறந்து நீர் சுண்டும்வரை புரட்டினால் போதும். முறுகல் சற்றுக் குறையும். வாசத்தில் குறை இருக்காது. இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம். பழத்தின் புளிப்பு பட்டு நிறம் கறுக்கும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 4 பட்டை மரம்தான். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை! மளிகைக் கடையில் பட்டை என்று கொடுப்பது பெரும்பாலும் காசியா என்னும் வேறு மரத்தின் பட்டை. தடிப்பாக, ஓடு மாதிரி இருக்கும், கையால் ஒடிப்பது கஷ்டம், காரம் தூக்கல். உண்மையான இலவங்கப்பட்டை காகிதம்போல் மெல்லியது. பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலில் நொறுங்கும், இனித்த வாசம். பழத்துக்கு ஏற்றது இதுதான். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவுக்கு மீறி நாள்தோறும் உள்ளே போனால் ஈரலுக்குக் கெடுதல். சர்க்கரை நோய்க்கு நல்லதென்று தினமும் கரண்டி கரண்டியாகப் பட்டைத்தூள் சாப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அசல் இலவங்கப்பட்டையில் கூமரின் மிகக் குறைவு. ஏற்காட்டில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமே ஏற்காடு 1 என்ற இலவங்கப்பட்டை ரகத்தை வெளியிட்டிருக்கிறது. நம் மண்ணில் வரும் பயிர் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

மரத்தை ஓங்கி வளரவிட்டு அடிமரத்தில் பட்டையைச் செதுக்குவதை மலையில் பல தோட்டங்களில் பார்க்கிறேன். அப்படி எடுத்தால் தடித்த பட்டைதான் கிடைக்கும், மரமும் நலியும். தரையிலிருந்து அரை அடி விட்டு வெட்டினால் பக்கக் கிளைகள் தழைத்து வரும். அவற்றில் நேராக, கட்டைவிரல் பருமனில் உள்ளவற்றை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். மழைக்குப் பிறகு சிவந்த கொழுந்து பச்சையாக மாறும் சமயம் சாறு நன்றாக ஓடும், பட்டை சுலபமாகக் கழலும். கத்தியால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள், ஒட்டாமல் பிரிந்தால் வெட்டலாம். மேல்தோலைச் சுரண்டிவிட்டு, பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்த்து, நீளவாக்கில் இரண்டு பக்கமும் கீறி உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிழலில் காயவைக்க வேண்டும். காயும்போது தானே சுருண்டுகொள்ளும். நாலு மரத்தையும் ஒரே ஆண்டில் வெட்டாமல் இரண்டிரண்டாக வெட்டுங்கள்.

கடை போடும் ஆசையை நான் கெடுக்கவில்லை. ஆடி, ஆவணியில் சனி, ஞாயிறுகளில் கடன் இல்லாமல் போட்டுப் பாருங்கள். மலையில் மழையும் மூடுபனியும் இருக்கும் நாட்கள் அவை. வருகிறவர்களுக்குச் சூடாக ஏதாவது வேண்டும். உங்கள் சொந்தப் பேரி, சொந்தப் பட்டை, இரண்டு சட்டி போதும். வீட்டு மிஷினை மாதிரி காட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே பட்டையை 25 கிராம் பொட்டலமாக வையுங்கள். சாப்பிட்டவர்கள் வாசம் பிடித்து வாங்குவார்கள். அந்த விற்பனையில்தான் கூடுதல் காசு நிற்கும் என்பது என் எண்ணம். சிறிய உணவு வியாபாரத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். இப்போதுள்ள விற்பனை வரம்பையும் கட்டணத்தையும் அந்தத் துறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பருவம் வரவு செலவை நோட்டில் எழுதி வாருங்கள். கடன் தேவையா என்பதை நோட்டைப் பார்த்துக் குழுவில் பேசலாம். மே மாதக் கூட்டத்துக்குத்தான் விற்க வேண்டுமென்றால் காபித் தோட்டத்து வாழைப்பழத்தை இதே முறையில் செய்யுங்கள். அதற்கு 8 நிமிடம் போதும், சர்க்கரையும் வேண்டாம்.

கேள்வி: வெப்பமான ஊரிலும் காய்க்கும் ஆப்பிள் கன்று என்று விளம்பரம் பார்த்தேன். ஏற்காட்டில் அரை ஏக்கரில் வைக்கலாமா?
– வாசகர் ஒருவர், நாகலூர்

பதில்: பழைய ஆப்பிள் ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் குறைந்த குளிர் ஏறக்குறைய 800 முதல் 1200 மணி நேரம் கிடைத்தால்தான் மொட்டு சரியாக விழிக்கும். நம் மலையில் மார்கழி இரவில்கூட அந்தக் குளிர் அபூர்வம். காக்பர்ன் கால ஆப்பிள் நிலைக்காததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். இப்போது சொல்லப்படுவது எச்.ஆர்.எம்.என். 99 என்ற ரகம். இமாசலத்தில் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா கண்டெடுத்து வளர்த்தது. அதற்காக அவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். வெப்பத்தைத் தாங்கும் என்பது உண்மை. தை, மாசியில் பூத்து ஆனி வாக்கில் காய் வரும். ஆனால் நம் மலையின் ஈரத்தில் இலை நோய் எப்படி இருக்கும், காய் எத்தனை கிலோ வரும், அந்தக் காய்க்கு மண்டியில் என்ன விலை சொல்வார்கள் என்பதையெல்லாம் உங்கள் தோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். அரை ஏக்கர் வேண்டாம். நீர் தேங்காத சரிவில், வெயில் படும் இடத்தில் 4 கன்று வையுங்கள். அதற்காகக் காபியையோ மிளகுக் கொடியையோ பிடுங்க வேண்டாம். வாங்கும்போது ஒட்டுப் பகுதி தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து, ரசீதில் ரகத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே 4 விரற்கடை இருக்கட்டும்.