யப்பானியச் சொல்லும் அதன் எழுத்தும்

கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் யப்பான் செல்ல விழையும் இளைஞர் பலர் எம்மிடையே உளர். அன்றாடம் வழங்கும் யப்பானியச் சொற்களை அவர்கள் தமிழெழுத்திலோ உரோமன் எழுத்திலோ ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி மனனஞ் செய்கின்றனர். நாலு வார்த்தை பேசுதற்கு இஃது உதவும் என்பது மெய்யே. ஆயினும், இம்முறை எவ்வளவு தூரம் துணைவரும், எவ்விடத்திற் கைவிடும் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

யப்பானிய மொழியிலே குறில் நெடில் வேற்றுமை மிக இன்றியமையாதது. 'ஒஜிசன்' என்றால் மாமன் முறையினர். 'ஒஜீசன்' என்றால் பாட்டனார். உரோமன் எழுத்தில் எழுதுவோர் நெடிலைக் குறிக்க மறந்து பாட்டனாரை மாமனாக்கி விடுவர். குறிலும் நெடிலும் பயின்ற தமிழ்ப் பிள்ளைக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. உயிரெழுத்து வரிசையும் எமக்குப் புதிதன்று. அ, இ, உ, எ, ஒ என்றே அந்நாட்டுப் பிள்ளைகளும் ஓதுவர். பௌத்த சமயத்தோடு சென்ற வடமொழி எழுத்தறிவே இவ்வரிசைக்கு மூலமாகும்.

இனித் தமிழெழுத்துக் கைவிடும் இடத்தைக் காண்போம். 'தவம்' என்பதிலுள்ள தகரமும் 'தானம்' என்பதிலுள்ள தகரமும் ஒலியால் வேறாயினும் நாம் இரண்டையும் ஓரெழுத்தாலேயே எழுதுகின்றோம். 'தைகக்கு' என்னும் யப்பானியச் சொல்லைத் தானத்தின் தகரத்தோடு சொன்னால் பல்கலைக்கழகம் என்பது பொருள். தவத்தின் தகரத்தோடு சொன்னாலோ, படிப்பை விட்டு விலகுதல் என்றாகிவிடும்! பல்கலைக்கழகம் புக வந்த மாணவன் வாயில் இச்சொல் மாறினால் என்னாகும்? யப்பானியரின் எழுத்தில் இம்மயக்கத்துக்கு இடமில்லை. எழுத்தின் வலப்புறத்து மேல்மூலையில் இரு சிறு கீற்றுகளை இட்டால் முன்னைய ஒலி, இடாவிட்டால் பின்னையது.

அம்மக்கள் மூவகை எழுத்துகளைக் கலந்து எழுதுகின்றனர். சீனரிடமிருந்து பெற்றவை 'கன்ஜி'. நாம் அருந்தும் கஞ்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவ்வெழுத்துகளை விரைந்தெழுதியதால் குழைந்து பிறந்தது 'ஹிரகானா'. அவற்றின் உறுப்புகளை மட்டும் எடுத்து அமைத்தது 'கத்தக்கானா'. பிறநாட்டுச் சொற்களை இதிலே எழுதுவர். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் எமக்குப் 'பாண்' என்னும் சொல்லைத் தந்தனர். 1543இல் யப்பானை அடைந்த அவர்கள் அங்கும் அச்சொல்லை விட்டுச் சென்றனர். யப்பானியர் அதனைப் 'பன்' என்று கத்தக்கானாவில் எழுதுகின்றனர். எழுத்தைக் கண்ட மாத்திரத்தே, இது வந்த சொல் என்று சிறு பிள்ளையும் அறியும்.

மாலை வேளை வணக்கம் 'கொம்பன்வ' என்பதாகும். ஒலிக்குங்கால் ஈற்றில் 'வ', எழுதுங்காலோ 'ஹ'. அஃது ஓர் இடைச்சொல். 'இம்மாலையோ' எனத் தொடங்கி முடியாது நின்ற வாக்கியமே இவ்வணக்கம் என்பதை அவ்வெழுத்துக் காட்டுகின்றது. நன்றி கூறும் 'அரிகத்தோ' என்பதை இக்காலத்திற் பெரும்பாலும் ஹிரகானாவிலேயே எழுதுவர். கன்ஜியில் எழுதினால் 'இருத்தல்', 'அரிது' என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகள் தோன்றும். பெற்ற உதவி கிடைத்தற்கரியது என்பதே அந்நன்றியின் உட்பொருள். காதால் மட்டும் கற்றவன் இதனை எங்ஙனம் அறிவான்?

2010ஆம் ஆண்டில் திருத்திய பட்டியலின்படி பொது வழக்குக்குரிய கன்ஜி எழுத்துகள் 2,136. அத்தொகையைக் கண்டு மாணவர் மலைக்க வேண்டா. ஹிரகானாவின் அடிப்படை எழுத்துகள் 46 மட்டுமே, கத்தக்கானாவும் அவ்வாறே. 247 எழுத்துகளைப் பாலர் வகுப்பிலேயே கற்ற எமக்கு இஃது அரிய காரியமன்று. நாளொன்றுக்கு 5 எழுத்தாகப் பயின்றால் பத்து நாளில் ஹிரகானா கைவரும். சொற்பட்டியலைப் பெருக்குமுன் அந்தப் பத்து நாளை எழுத்துக்கு ஈவோமாக. எழுத்தறிந்து கற்ற ஒரு சொல், அறியாது மனனஞ் செய்த பத்துச் சொற்களினும் நீண்டகாலம் துணைநிற்கும்.